பொருள்: வீட்டுக்காரர் பேசுவது புரியாமை – தொடர்பாக

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டில் இட்லி இருக்கும்வரை டிவியில் ஏதாவது ஓடலாம், தட்டு காலியானதும் அணைத்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இந்தக் காலத்துத் தொடர்களுக்கு இது ஒத்துவராது. ஐம்பது நிமிடப் பகுதியைப் பாதியில் நிறுத்தினால் மறுநாள் "நேத்து செத்தது யாரு, அண்ணனா தம்பியா?" என்று விசாரணையே நடத்த வேண்டியிருக்கும். அதனால் மூன்றரை நிமிட அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர், என்று கேள்விப்பட்டதும், சரி, நமக்காகவே எடுத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு பகுதிக்கு என் கணக்கில் இரண்டு இட்லி. எங்கள் வீட்டுக்காரர் கணக்கில் ஒன்றுதான், ஏனென்றால் அவர் சாப்பிடும்போதும் பேசுவார்.

ஜப்பானியப் பெயர் கொஞ்சம் நீளம்: 'தன்னா கா நானி ஓ இத்தேயிரு கா வகாரனாய் கென்'. 'ஐ கான்ட் அண்டர்ஸ்டாண்ட் வாட் மை ஹஸ்பண்ட் இஸ் சேயிங்' என்று ஆங்கிலப் பெயரில் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தக் கடைசிச் சொல் காணாமல் போய்விட்டது, தலைப்பின் பாதிச் சிரிப்பு அதில்தான் இருக்கிறது. 'கென்' என்பது ஆபீஸ் கடிதத்துச் சொல். நம் ஊர் விண்ணப்பங்களில் 'பொருள்: குடிநீர் இணைப்பு வேண்டுதல் – தொடர்பாக' என்று எழுதுவோமே, அந்தத் 'தொடர்பாக'தான் கென். ஜப்பானிய இணைய அரட்டைகளில் ஆட்கள் தங்கள் சொந்தப் புலம்பலுக்கும் இப்படி விறைப்பாக ஒரு தலைப்பு வைப்பது பழக்கமாகிவிட்டது, அந்தப் பாணியில் வைத்த பெயர் இது. நான் மேலே வைத்திருக்கும் தலைப்பு கிட்டத்தட்ட அதன் தமிழ்தான்.

கூல்-கியோ ஷின்ஜா என்ற புனைபெயரில் வரைபவரின் நான்கு கட்டப் படக்கதைதான் மூலம். 2017-இல் கியோட்டோ அனிமேஷன் எடுத்த, டிராகன் ஒன்று வேலைக்காரியாக வரும் தொடரைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இவருடைய கதைதான். இதை எடுத்தது செவன் என்ற சின்ன ஸ்டுடியோ, இயக்கம் நாகாய் ஷின்பேய். 2014 அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை 13 பகுதிகள், 2015 ஏப்ரலிலிருந்து ஜூன்வரை இன்னொரு 13. இருபத்தாறையும் மொத்தமாகப் போட்டுக் கூட்டினால் ஒன்றரை மணிநேரம், நம்மூர்ப் படம் ஒன்றில் இடைவேளை முடிந்து பாப்கார்னோடு திரும்பி உட்காரும் நேரம். இரண்டாம் சீசனுக்கு வெறுமனே 'சீசன் 2' என்று போடாமல் 'இரண்டாம் இழை' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1999-இல் தொடங்கிய 2சானல் என்ற பெயரில்லாதவர்களின் அரட்டைத் தளத்தில் ஓர் இழையில் ஆயிரம் பதிவு சேர்ந்தால் அது மூடிக்கொள்ளும், பேச்சைத் தொடர விரும்புகிறவர்கள் அடுத்த இழையைத் திறப்பார்கள். அதாவது இந்தத் தம்பதியின் முதல் ஆயிரம் நிரம்பிவிட்டது, பேச இன்னும் பாக்கி இருக்கிறது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காவொரு ஆபீஸ் வேலைக்குப் போகும் பெண், உழைப்பாளி, அனிமே பக்கமே போகாதவள். புருஷன் ஹாஜிமே முற்றிப்போன ஒடாக்கு. ஒடாக்கு என்றால் அனிமே, விளையாட்டு, பொம்மை என்று ஏதாவது ஒன்றில் தலைகுப்புற விழுந்து கிடப்பவர். வீட்டிலேயே கணினி முன் உட்கார்ந்து வலைப்பதிவு எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அவன் வாயைத் திறந்தால் ஏதோ ஒரு தொடரின் வசனம் வரும், இல்லாவிட்டால் 2சானல் கொச்சை வரும், அவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை, அதில் சந்தேகமே வைக்கவில்லை. பிரிவார்களா மாட்டார்களா என்ற பதைப்பு இல்லை, இடையில் இன்னொருத்தி இல்லை, மாமியார் கொடுமை இல்லை. கல்யாணம் ஆகிவிட்டது, ஒரே வீடு, அடுத்து என்ன என்பதுதான் இருபத்தாறு பகுதியும்.

இங்கே சொற்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும், எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்துப்போனது அந்த இடம்தான். 'தன்னா' என்றால் கணவர். ஜப்பானியப் பெண்கள் கணவரைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது சொல்வது. அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று பார்த்தால், தூக்கிவாரிப் போடும், நம் 'தானம்'தான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய், மடத்துக்குத் தானம் கொடுப்பவர் என்றாகி, அப்புறம் ஆதரிப்பவர், எஜமானர், கடைசியில் வீட்டுக்கு எஜமானரான புருஷன் என்று வந்து நின்றிருக்கிறது. நாம் மட்டும் என்ன, 'வீட்டுக்காரர்' என்கிறோம். (எங்களுடைய நிஜ வீட்டுக்காரர் மாதம் ஐந்தாம் தேதி வாடகைக்கு போன் செய்பவர். "வீட்டுக்காரர் பேசினார்" என்று நான் அலுவலகத்தில் சொன்னால் எந்த வீட்டுக்காரர் என்று கேட்கிறார்கள்.) மனைவிக்கு ஜப்பானியர் சொல்லும் ஒரு சொல் 'கனாய்', வீட்டுக்குள் இருப்பவள் என்று பொருள். நம் இல்லாளும் மனைவியும் அதே ஜாதிதான், இல்லும் மனையும் வீடுதானே.

இப்போது இந்தத் தொடரைப் பாருங்கள். சம்பளம் கொண்டுவரும் தானக்காரி காவொரு. வீட்டுக்குள் இருப்பவன் ஹாஜிமே. போதாததற்கு 'ஒடாக்கு' என்ற சொல்லின் நேர்ப்பொருளே 'தங்கள் இல்லம்' என்பதுதான். ஜப்பானிய மொழியில் முன்னிலையில் மரியாதையாக ஒருவரை விளிக்கவும் அது வரும், அந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டதைக் கிண்டல் செய்து 1983-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதப்போய் அதுவே அவர்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆக இவன்தான் அசல் இல்லாள். அதற்கு ஆண்பால் என்னவென்று யோசித்தால் 'இல்லான்' என்று வருகிறது, நம் மொழியில் அதற்குப் பொருள் ஒன்றுமில்லாதவன்! இதை நான் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் ஐந்து நிமிடம் சிரித்தார், அன்றைக்கு அவர் இட்லி ஆறிப்போனது.

காவொரு இதற்காக அலட்டிக்கொள்வதில்லை என்பதுதான் அழகு. சம்பாதிப்பது நான், நீ வீட்டில் என்ன செய்கிறாய் என்ற பேச்சை வைத்து எத்தனை சண்டைக் காட்சி எடுக்கலாம்! இங்கே அது கதையின் மையம் இல்லை. இவளுக்காகக் கொஞ்சம் சரியான மனிதனாக ஆகவேண்டும் என்று அவன் நினைக்கிறான். இவனோடு இருக்கத் தனக்கு இன்னும் பக்குவம் வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். இரண்டு பேரும் ரகசியமாக முயற்சி செய்து சொதப்புகிறார்கள். பெரிய வசனம் எதுவும் இல்லாமல், இரண்டு நகைச்சுவைக்கு நடுவில் இது கடந்து போய்விடும்.

அவன் பேசுவது அவளுக்குப் புரியாது என்று சொன்னேன் இல்லையா, எனக்கும் புரியவில்லை. தொடரைப் பார்க்கும் ஒடாக்கு ஹாஜிமே அடிக்கும் ஜோக்குக்குச் சிரிப்பான். என்னைப்போன்ற ஆள், அதுவும் ஆங்கில சப்டைட்டில் வழியாக, ஒன்றும் புரியாமல் காவொரு முகத்தைப் பார்ப்பேன், அவளும் ஒன்றும் புரியாமல் நிற்பாள், எனக்குச் சிரிப்பு அங்கே வரும். ஒரே காட்சியில் இரண்டு வாசல் வைத்திருக்கிறார்கள். எந்த அனிமேயும் பார்க்காதவர்கள் இதைப் பார்க்கலாமா என்று கேட்டால் தாராளமாகப் பார்க்கலாம் என்பேன், அவர்கள்தான் சரியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டு ஹாஜிமேவுக்கு அனிமே அல்ல, கீபோர்டு. மெக்கானிக்கல் கீபோர்டு என்று ஒன்று, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தனித்தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைக் கழற்றலாம், மாட்டலாம், அதற்கு எண்ணெய் போடலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தார். எண்பத்தேழு ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் பிளந்து, உள்ளே இருக்கும் கொசுவளவு ஸ்பிரிங்கை என் முறுக்கு டப்பா மூடியில் போட்டு, ஓவியத் தூரிகை மாதிரி ஒன்றால் வெள்ளை கிரீஸைத் தடவி, மறுபடி மூடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நாலரை மணிக்கு ஹாலிலிருந்து சத்தம் வந்தது.

"இங்க வாயேன், கேளு, இப்ப நல்லா தொக்குன்னு இருக்கா?"

நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்: "தொக்கா? தக்காளித் தொக்கா, மாங்காய்த் தொக்கா?"

அவர்கள் உலகத்தில் கீபோர்டு தட்டினால் வரும் ஆழமான சத்தத்துக்குப் பெயர் தொக்காம். மெல்லிசாக வந்தால் அதற்கு வேறு பெயர். நான் போய் நின்று நான்கு எழுத்தைத் தட்டிப்பார்த்தேன். எனக்கு அது கீபோர்டு சத்தம் மாதிரிதான் இருந்தது. "நல்லாருக்குங்க" என்றேன். "உனக்குப் புரியல, ஆனா பரவால்ல" என்றார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை இந்தத் தொடரில் அப்படியே வரைந்திருக்கிறார்கள், முழுதாகப் பத்து விநாடிகூட இருக்காது அந்தப் பாவனை. தனக்குப் பிடித்ததை இவளிடம் காட்டவேண்டும், இவளுக்கு அது பிடிக்காது என்றும் தெரியும், இருந்தாலும் காட்டவேண்டும்.

மூலம் நான்கு கட்டக் கதை என்பதால் ஒவ்வொரு காட்சிக்கும் ஆயுள் இருபது முப்பது விநாடிதான். முதல் கட்டத்தில் விஷயம் ஆரம்பிக்கும், இரண்டில் வளரும், மூன்றில் திரும்பும், நான்கில் முடியும். ஜப்பானில் 'மான்சாய்' என்று மேடை நகைச்சுவை ஒன்று உண்டு, இரண்டு பேர் நின்று பேசுவது. ஒருவர் அபத்தமாக எதையாவது சொல்வார், அவர் பெயர் 'பொக்கே'. மற்றவர் உடனே தலையில் தட்டாத குறையாக, சமயத்தில் நிஜமாகவே தட்டி, திருத்துவார், அவர் 'ட்சுக்கோமி'. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், கவுண்டமணியையும் செந்திலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கவுண்டர் கொடுப்பது என்று சொல்கிறோமே அதுதான் ட்சுக்கோமி. இந்த வீட்டில் செந்தில் ஹாஜிமே, கவுண்டமணி காவொரு. வித்தியாசம் என்னவென்றால், உதைத்துத் துரத்தியபின் இருவரும் ஒரே கட்டிலில் தூங்க வேண்டியவர்கள்.

நம் வாரப் பத்திரிகைகளில் கணவன் மனைவி ஜோக் என்று எத்தனை காலமாக ஒரே சரக்கை அரைத்திருக்கிறார்கள் என்பது இதைப் பார்க்கும்போது உறைத்தது. மனைவி கையில் பூரிக்கட்டை, கணவன் தலையில் வீக்கம், மனைவி ஊருக்குப் போனால் கொண்டாட்டம், அவள் வைத்த சாம்பார் மோசம். இப்போது அதுவே குடும்ப வாட்ஸாப் குழுவில் காலை வணக்கத்தோடு வருகிறது. அதில் எல்லாம் அடிப்படையில் ஒரே ஜோக்தான்: மாட்டிக்கொண்டேனே! இந்தத் தொடரில் யாரும் மாட்டிக்கொண்டதாக நினைப்பதில்லை. தம்பதியைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் கல்யாணத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இது எவ்வளவு கஷ்டம் என்று ஜோக் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குரல்களைச் சொல்லாமல் போகக்கூடாது. காவொருவுக்குக் குரல் கொடுத்திருப்பவர் தமுரா யுகாரி. 2004-இல் நானோஹா என்ற மந்திரச் சிறுமியாகப் பேசிப் புகழ்பெற்றவர், பொதுவாகக் கீச்சென்ற சின்னப்பெண் குரலுக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். இங்கே நாள் முழுக்க ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் பெண்ணின் குரல். அலுத்த குரல்தான், ஆனால் கசந்த குரல் இல்லை. கொஞ்சம் உள்ளே போனதும் குரல் வேறு மாதிரி அவிழ்ந்து ஓடும், காவொருவுக்குக் குடித்தால் நிதானம் கிடையாது. ஹாஜிமே சுசுமுரா கெனிச்சி. கின்தாமா பார்த்தவர்களுக்கு ஒகிதா சோகோ என்றால் தெரியும். இவர் நிஜ வாழ்க்கையிலும் குரல் நடிகையான சகமோத்தோ மாயாவை 2011-இல் மணந்தவர். அதனால் கணவன் பாத்திரம் நன்றாக வந்தது என்று சொல்ல வரவில்லை, சும்மா தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம், அவையும் உண்டு.

முதல் குறை வேகம். மூன்றரை நிமிடத்தில் பெயர், பாட்டு எல்லாம் போக மிச்சம் இருப்பதில் இவர்கள் பேசும் பேச்சு பத்து நிமிடத்துக்கானது. கீழே வசனத்துக்கு ஒரு வரி, மேலே சுவரில் எழுதியிருப்பதற்கு ஒரு வரி, இரண்டையும் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு பகுதிக்கு எங்களுக்கு ஆறேழு நிமிடம் ஆனது, இட்லிக் கணக்கு தப்பிப்போனது. நிறுத்தும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார், அவருக்கும் பாதி தெரியாது, அது வேறு கதை.

அடுத்தது, அந்தக் கொச்சையில் பெரும்பகுதி பழசாகிவிட்டது. 2014-இல் சூடாக இருந்த இணையக் கேலி இப்போது ஜப்பானிலேயே எத்தனை பேருக்கு உடனே புரியுமோ. இதற்கு நான் மேலே சொன்ன இரண்டாம் வாசல்தான் மருந்து, ஆனால் எல்லா நேரமும் அது வேலை செய்யாது. சில காட்சிகளில் காவொருவே இல்லை, ஹாஜிமேவும் அவன் கூட்டாளிகளும் மட்டும், அங்கே நான் வெறுமனே சட்னி தொட்டுக்கொண்டிருந்தேன்.

ஹாஜிமேவின் தம்பி ஒருவன் வருகிறான். பெண்களைப்போல உடுத்துவான், ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகளை வரைந்து விற்பான், சொந்த அண்ணனையே அந்தக் கண்ணோடு பார்ப்பான். முதல் தடவை சரி. அதையே திரும்பத் திரும்ப வைத்து, அவன் உடுத்துவதே ஜோக், அவன் வரைவதே ஜோக் என்று போகும்போது அலுப்புத் தட்டியது. மற்ற எல்லோரையும் உள்ளிருந்து பார்க்கத் தெரிந்த தொடர் இவனை மட்டும் வெளியே நிற்கவைத்துப் பார்க்கிறது. காவொரு குடித்துவிட்டுப் போடும் ஆட்டமும் அப்படித்தான், சிரிப்பு வருகிறது, வந்தபிறகு ஹாஜிமே குடித்துவிட்டு இதைச் செய்திருந்தால் நாம் சிரித்திருப்போமா என்றும் தோன்றுகிறது. நான் அவரிடம் கேட்டேன். "மாட்டோம்" என்றார், அவ்வளவுதான்.

படம் பெரிதாக அசையாது, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். முகம், வாய், பின்னால் ஒரு சுவர். காசு குறைவு என்று பார்த்தாலே தெரிகிறது. எனக்கு அது உறுத்தவில்லை, இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து பேசுவதற்கு எவ்வளவு அசைய வேண்டும்?

கிட்டத்தட்ட இதே ரகத்தில் இன்னும் இரண்டு பார்த்தோம், ஒப்பிட உதவும். 2017 அக்டோபரில் வந்த 'ஒசாகே வா ஃபூஃபு நி நாத்தே காரா', மூன்று நிமிடம் வீதம் 13 பகுதி. பெயருக்கு அர்த்தம் 'கல்யாணத்துக்கு அப்புறம்தான் குடி' என்கிற மாதிரி. சிசாத்தோ ஆபீஸில் படு கறார், குடிப்பாள் என்றே யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கணவன் சோரா ஏதாவது ஒரு காக்டெயில் கலந்து தருவான், ஒரு வாய் குடித்ததும் அவள் "ஷிஃபுகூ!" என்று உருகிப்போவாள், பேரின்பம் என்று அர்த்தம். அவ்வளவுதான், பதின்மூன்று தடவையும் அதேதான். எதை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று செய்முறையும் சொல்லிவிடுவார்கள். இனிப்பாக இருக்கிறது, ஆனால் சோராவிடம் ஒரு குறைகூட இல்லை, சமைப்பான், சிரிப்பான், காத்திருப்பான். வேலை முடிந்து பேருந்தில் தொங்கிக்கொண்டு வருகிறவள் கண்ணை மூடிக் காணும் கனவு அது. எனக்கும் அந்தக் கனவு உண்டு, காக்டெயிலுக்குப் பதில் யாராவது டிகிரி காபி நீட்டினால் போதும்.

இன்னொன்று நெட்ஃபிளிக்ஸில் 2021 ஏப்ரலில் வந்த 'கொகுஷுஃபுதோ', ஆங்கிலத்தில் 'தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்'. ஒரு காலத்தில் ஊரையே நடுங்கவைத்த யாகுசா ரவுடி தாத்சு இப்போது மனைவிக்கு டிபன் பாக்ஸ் கட்டும் குடும்பத்தலைவன். கோட்டுக்கு மேல் ஏப்ரன், கண்ணில் கூலிங்கிளாஸ், சலவைப் பொடியைப் பற்றிப் பேசினால்கூடக் கடத்தல் பேரம் நடக்கிற மாதிரி இருக்கும். த்சுதா கெஞ்சிரோவின் அந்தக் கரகரத்த குரல் பாதி வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு பகுதியும் துண்டு துண்டான குட்டிக் கதைகளால் ஆனது, படங்களோ அசையவே அசையாது, புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக் காட்டுகிற மாதிரிதான், அதற்காக ரசிகர்கள் நிறையத் திட்டினார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன், ஆனால் அது கல்யாணத்தைப் பற்றிய கதை இல்லை, ரவுடி துடைப்பம் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றிய கதை. மனைவி மிகு இல்லாமலும் பாதி ஜோக் நடக்கும்.

ஹாஜிமே இந்த இரண்டு பேர் ரகமும் இல்லை. லட்சியக் கணவனும் இல்லை, விசித்திரப் பிராணியும் இல்லை. அசடு. நான் இருபத்தாறு பகுதியும் பார்த்தது அந்த அசட்டுத்தனத்துக்காகத்தான்.

இந்தப் பத்தியில் கதையின் முடிச்சு ஒன்று வருகிறது, வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள். முதல் சீசனின் கடைசிப் பகுதியில் காவொரு கர்ப்பமாக இருப்பது தெரியவருகிறது. மூன்றரை நிமிட ஜோக் தொடரில் இதை எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு பகுதியாக யார் என்ன உளறினார்கள் என்றே போய்க்கொண்டிருந்தது சட்டென்று நின்று, ஓ, இவர்களுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது என்று ஆகிறது. இரண்டாம் சீசன் அதனால் முன்னும் பின்னும் நகர்கிறது, இவர்கள் சேர்ந்த பழைய கதை கொஞ்சம், வரப்போகும் குழந்தையை நினைத்து இருவரும் படும் கலவரம் கொஞ்சம். ஜோக்குகள் குறைந்துவிட்டன என்று சிலருக்கு இரண்டாம் சீசன்மேல் வருத்தம். எனக்கு அதுதான் கூடுதலாகப் பிடித்தது. கர்ப்பம் தெரியவரும் அந்தக் காட்சி ஓடும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை, அவர்கூட. சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

எங்கே பார்ப்பது என்றால், வந்த காலத்தில் க்ரஞ்சிரோல் என்ற அனிமே தளம் இதைப் போட்டது, ஆங்கில சப்டைட்டிலோடு. க்ரஞ்சிரோல் இப்போது சில பெரிய தொடர்களைத் தமிழில் டப் செய்து தருகிறது, ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் வாள், சண்டை, அரக்கன் உள்ள தொடர்களுக்கு. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருக்கும் மூன்றரை நிமிடத்துக்கு யார் காசு செலவழிக்கப் போகிறார்கள்? உண்மையில் இதைத் தமிழில் டப் செய்தால் ஹாஜிமேவின் பேச்சை எப்படி மாற்றுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. 2சானல் கொச்சைக்குப் பதில் வடிவேலு வசனமும் மீம் பேச்சும் போட்டால் பொருந்தும், அப்போது காவொருவுக்குப் புரிந்துவிடுமே, அதுதான் சிக்கல்.

குழந்தைகளோடு பார்க்காதீர்கள். கெட்ட காட்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் படுக்கையறைப் பேச்சு அங்கங்கே வரும், சப்டைட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அசட்டுக் கேள்விகள் கிளம்பும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தம்பிக்குச் சிபாரிசு செய்தேன், இரண்டு பகுதி பார்த்துவிட்டு "என்னக்கா இதுல ஒண்ணுமே நடக்கல" என்றான். ஒரு வருஷம் கழித்து மறுபடி அனுப்புவதாக இருக்கிறேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோசை, வார்ப்பது அவர். தோசை நாளில் இதைப் போடமுடியாது, அடுப்படியிலிருந்து சப்டைட்டில் தெரியாது. ஒருநாள் போட்டுப் பார்த்தோம், நான் படித்துப் படித்து இங்கிருந்து கத்த, அவர் அங்கிருந்து "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று கேட்க, இரண்டாவது தோசை கருகியது.